தொல்விலங்குகள் பற்றிய தகவல்: மாணவருக்கு எதை நம்பிக் கொடுக்கலாம்?

வடமராட்சி ஆசிரியை கேட்டது:

வணக்கம். வடமராட்சியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். அடுத்த தவணையில் நடக்கவிருக்கும் கண்காட்சிக்காகத் தரம் 9 மாணவர்கள் அழிந்துபோன விலங்குகள் பற்றிப் பதாகைகள் தயாரிக்கிறார்கள். தகவல் திரட்டுவது முழுவதும் கைத்தொலைபேசியிலேயே நடப்பதால், ஒரே விலங்குக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு நீளத்தையும் எடையையும் கொண்டுவருகிறார்கள். ஸ்பைனோசோரஸ் என்று இருவர் கொண்டுவந்த படங்களில் ஒன்று தரையில் இரண்டு காலில் ஓடுகிறது. மற்றையது துடுப்புப் போன்ற வாலுடன் ஆற்றில் நீந்துகிறது. டிமெட்ரோடோனை டைனோசர் வரிசையில் சேர்த்திருக்கும் தளங்களும் கண்ணில் பட்டன. இதற்கிடையில் ஒரு மாணவன், எங்கள் ஊர்ச் சுண்ணக்கல்லில் டைனோசர் எலும்பு கிடைக்குமா என்று கேட்டான். ஆங்கிலத் தளங்களாக இருந்தாலும் பரவாயில்லை, நான் மொழிபெயர்த்துக் கொடுப்பேன். எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படிச் சரிபார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் கூறுவீர்களா?

சுண்ணக்கல் எழுதியது:

வணக்கம் ஆசிரியை. உங்கள் மாணவனின் கேள்விக்கு இணையமே தேவையில்லை என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறு வெட்டும்போது நாம் காணும் சுண்ணக்கல் மயோசீன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 23 முதல் 5 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், ஆழங்குறைந்த கடலில் படிந்தது. பறவைகள் நீங்கலான டைனோசர்களோ 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்துவிட்டன. ஆகவே அந்தக் கல்லில் சிப்பி, சங்கு, நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் ஆகியவற்றைத் தேடலாமே தவிர டைனோசர் எலும்பைத் தேட முடியாது. கல்லின் வயதையும் விலங்கின் வயதையும் அருகருகே எழுதிப் பார்க்கும் பழக்கம் ஒன்றே இணையத்தில் உலவும் கதைகளிற் பாதியை வடித்துவிடும். டிமெட்ரோடோனும் அதில் அகப்பட்டுவிடும்: அது பேர்மியன் காலத்து விலங்கு, முதல் டைனோசர்கள் தோன்றுவதற்குப் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்தது, உறவுமுறையில் டைனோசர்களைவிட முலையூட்டிகளுக்கே நெருங்கியது.

ஸ்பைனோசோரஸ் விடயம் வேறு. அந்த இரண்டு படங்களும் வெவ்வேறு காலத்து ஆய்விலிருந்து வந்தவையாகவே இருக்கும். 1915 இல் ஏர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் என்ற ஜேர்மானியர் எகிப்தில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு இதற்குப் பெயரிட்டார். அந்த எலும்புகள் 1944 இல் மியூனிக் நகரின் மீதான குண்டுவீச்சில் அழிந்தன. எனவே நெடுங்காலம் ஓவியர்கள் அதை வேறு ஊனுண்ணி டைனோசர்களின் சாயலில் வரைந்துவந்தார்கள். 2014 இல் மொரோக்கோ எலும்புகளை வைத்து அது பெரும்பாலும் நீரை அண்டி வாழ்ந்தது என்ற கட்டுரை வந்தது; 2020 இல் துடுப்புப் போன்ற வால் விபரிக்கப்பட்டது; 2022 இல் இன்னொரு குழு, அது நீரில் விரட்டி வேட்டையாடியிருக்காது, கரையோரத்தில் நின்றே மீன் பிடித்திருக்கும் என்று மறுத்தது. வாதம் முடியவில்லை. ஆதலால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது எப்போது எழுதப்பட்டது, எந்த எலும்பை வைத்துச் சொல்கிறது என்ற இரண்டையும் மாணவர்கள் முதலில் தேட வேண்டும். காணி வாங்குபவர் உறுதியைக் கையில் கொடுத்தவுடன் நம்பிவிடாமல் அதற்கு முந்திய உறுதிகளைக் கேட்பதில்லையா, அதே போலத்தான் இதுவும்.

தளங்களைப் பொறுத்தவரை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி தொல்லுயிரியல் நூதனசாலை, இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலை, அமெரிக்காவின் சிமித்சோனியன் ஆகியவற்றின் பக்கங்கள் பாடசாலை மட்டத்துக்குப் போதுமானவை. ஒரு விலங்கு எந்தெந்த நாட்டில், எந்தப் பாறைப் படையில் கிடைத்தது என்று பார்க்க பேலியோபயாலஜி டேட்டாபேஸ் என்ற இணையத் தரவுத்தளம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பதிவும் எந்த ஆய்வுக்கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் கூடவே வரும். விக்கிப்பீடியாவை மட்டும் மாணவர்களிடம் கொடுக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதே போதுமான காரணம்.

வாசிகசாலை எழுதியது:

விக்கிப்பீடியா பற்றி மேலே எழுதியவருடன் நான் உடன்படமாட்டேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் புகழ்பெற்ற டைனோசர்களைப் பற்றிய கட்டுரைகள் பல, இத்துறையில் ஆர்வமுள்ள ஒரு கூட்டத்தினரால் வரிக்கு வரி பார்க்கப்படுபவை. தலைப்புக்கு அருகே சிறிய நட்சத்திரக் குறி இருந்தால் அது தனி மதிப்பீட்டில் தேறிய கட்டுரை. தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் குறுகியவை, புதுப்பிக்கப்படாதவை. எந்த மொழியானாலும் கட்டுரையின் வாசகத்தை நகலெடுக்க விடாமல், அடிக்குறிப்பிலுள்ள ஆய்வுக்கட்டுரை வரை போகச் செய்தால் அதுவே நல்ல பயிற்சி. பீர்ஜே, பிளொஸ் வன், ஈலைஃப் ஆகிய ஆய்விதழ்களைக் கட்டணமின்றி முழுமையாக வாசிக்கலாம். கட்டணம் கேட்கும் இதழ்களிலும் சுருக்கம் இலவசம்; கட்டுரையாளருக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதினால் பிரதியை அனுப்பிவைப்பவர்கள் பலர்.

இன்னொன்று. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மாணவர்கள் மேற்கோள் கேட்டால், இல்லாத கட்டுரைக்கும் அழகான தலைப்பும் ஆண்டும் வந்துவிடும். அந்தத் தலைப்பை, ஆய்வுக்கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலரில் இட்டுப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பெரும்பாலும் எங்கும் இல்லை.

வடமராட்சி ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒரு குழு, உலகிலேயே மிகப் பெரிய டைனோசர் தமிழ்நாட்டில்தான் வாழ்ந்தது என்று ஒரு யூடியூப் காணொளியிலிருந்து எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு அதில் மிகுந்த பெருமை. அதை எடுத்துவிடச் சொல்ல மனம் வரவில்லை, ஆனால் உண்மையா?

சுண்ணக்கல் எழுதியது:

எடுக்க வேண்டாம், திருத்தினால் போதும். அவர்கள் சொல்வது பிருகத்காயோசோரஸாக இருக்கும். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1980களில் இந்திய ஆய்வாளர் இருவர் விபரித்தது அது. முதலில் அதை ஊனுண்ணி என்றே வகைப்படுத்தினார்கள். பின்னரே நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிகளோடு சேர்த்தார்கள். ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான கீழ்க்கால் எலும்பு ஒன்றுதான் அதன் புகழுக்குக் காரணம். ஆனால் அந்த எலும்புகள் பேணப்படாமல் சிதைந்துபோயின. இன்று எவரும் மறுபடி அளக்க முடியாது. எஞ்சியிருப்பவை வரைபடங்களும், 2022 இல் வெளியான பழைய ஒளிப்படங்களுமே. 100 தொன்னைத் தாண்டும் கணிப்புகள் யாவும் இவற்றிலிருந்து வருபவை. ஆகவே, "மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருந்திருக்கலாம், எலும்புகள் இப்போது இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். அதே வட்டாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில், 2020 இல் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக ஒரு செய்தி பரவியது. புவிச்சரிதவியலாளர்கள் பார்த்தபோது அவை கடலடியில் உருண்டு திரண்ட கற்கள். முட்டைச் செய்தியைப் பகிர்ந்த எத்தனை பேர் மறுப்பையும் பகிர்ந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

விக்கிப்பீடியா பற்றி வாசிகசாலை சொன்னதை ஏற்கிறேன், அடிக்குறிப்பு வரை போகும் நிபந்தனையோடு.

நம் நாட்டு விலங்கு ஒன்றும் சேர்க்க விரும்பினால் இரத்தினபுரிப் பக்கம் பாருங்கள். அங்குள்ள மாணிக்கக் குழிகளின் சரளைப் படைகளில் நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. குருவிட்டைப் பகுதியில் கிடைத்த பற்களை வைத்து 1939 இல் விலங்கியலாளர் பி.ஈ.பி. தெரணியகல, அழிந்துபோன இலங்கைச் சிங்கத்தை விபரித்தார். இணையத்தில் அதற்கு முழு உடலும் பிடரிமயிருமாக ஓவியங்கள் உண்டு. சான்று பல் மாத்திரமே. 2005 இல் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விலங்கியல் இதழில் அந்தப் பற்களை மீளாய்வு செய்த கட்டுரை வந்தது, இலவசமாகவே கிடைக்கும். பதாகையில் ஓவியத்துக்குப் பக்கத்தில் அந்தப் பல்லின் படத்தையும் அதே அளவில் ஒட்டச் சொல்லுங்கள்.