கடல்நீரில் பிளாஸ்டர் ஏன் நிற்பதில்லை?

கேள்வி (பாம்பன்):
என் தாயார் பாசி எடுக்கக் கடலில் இறங்குபவர். பாறையில் கிழிபட்ட விரலில் ஒட்டும் பிளாஸ்டர், மேலே துணி சுற்றிய பின்பும் சிறிது நேரத்தில் கழன்றுவிடுகிறது. குறை பசையிலா, பட்டையிலா?

மறுமொழி (மண்டபம்):
இரண்டிலும்தான். பிளாஸ்டரில் வரும் அக்ரிலிக் பசை, அழுத்தும்போது தோலின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பரவிப் பற்றுவது. இடையில் ஈரமோ எண்ணெயோ இருந்தால் அது பரவாது. துளையிட்ட பட்டையில் நீர் புகுந்து நடுவிலுள்ள பஞ்சை நனைத்துவிடும். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த மென்படலமோ நீரைத் தடுத்து, தோலின் நீராவியை மட்டும் வெளியே விடும். அது வெளியேறாவிட்டால் வியர்வையே பசையைத் தளர்த்திவிடும். விரல் நுனிக்கென்று இடை குறுக வெட்டிய வடிவத்தையே நான் வாங்குவேன். ஒட்டுமுன் விரல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்.

மறுமொழி (கீழக்கரை):
தாயார் எடுக்கும் பாசிக்கும் இதில் தொடர்புண்டு. கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் உள்ள அல்ஜினேட் என்ற கூழ்ப்பொருள், காயக்கட்டு இழையாகவும் ஆகிறது. இழையிலுள்ள கால்சியம், காயநீரின் சோடியத்தோடு இடம் மாறும்போது அது கூழாகிக் காயத்தை ஈரமாக வைக்கிறது. மேலோட்டமான காயம் அவ்வாறு விரைவில் மூடுவதை ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் 1962இல் பன்றிகளில் காட்டினார். ஆனால் அந்த ஈரம் வேறு, கடல்நீர் வேறு. ஆழமான வெட்டானால் எந்தப் பிளாஸ்டரையும் நம்பிக் கடலில் இறங்க வேண்டாம். டெட்டனஸ் ஊசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.