மறு: டேட்டா கேட்டலாக், எம்சிபி சர்வர் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். இந்த இரண்டு சொற்களுக்கும் நீங்கள் அனுப்பிய யோசனைகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

> டேட்டா கேட்டலாக் = தரவுப் பட்டியல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது, ஐயா. பட்டியல் என்றதும் மளிகைச் சிட்டை மாதிரி, சரக்கெல்லாம் அதிலேயே வரிசையாக எழுதியிருக்கும் என்றுதான் கேட்பவர் நினைப்பார். ஓப்பன்மெட்டாடேட்டா, டேட்டாஹப், அப்பாச்சி அட்லஸ் என்ற டேட்டா கேட்டலாக் மென்பொருள்களில் எதைத் திறந்தாலும் சரக்கான தரவு இருப்பது வேறு இடம். எந்த அட்டவணை எந்தத் தரவுத்தளத்தில் கிடக்கிறது, யார் பொறுப்பு, 'தொகை' என்ற நெடுவரிசை வரி சேர்த்ததா சேர்க்காததா, இதெல்லாம்தான் அங்கே இருக்கும். போதாததற்கு, பைத்தான் நிரல்மொழி சொல்லிக்கொடுப்பவர்கள் லிஸ்டுக்குப் பட்டியல் என்று ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

நூலகத்தில் நூற்பட்டியல் என்கிறோமே என்று கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன், பட்டியலாக்க விதிகளையே 1934இல் தனி நூலாகக் கொண்டுவந்தவர். அந்தத் துறையில் பட்டியல் ஊறிப்போன சொல். அங்கே அது இருக்கட்டும்.

என் பரிந்துரை: தரவடைவு. சங்க இலக்கியச் சொல்லடைவைப் புரட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். 'யாண்டு' என்று தேடினால் பிசிராந்தையார் பாட்டு முழுசாக வந்து நிற்காது. புறநானூறு 191, முதல் அடி என்று இடம் மட்டும் வரும். போய்ப் படிப்பது நம் வேலை. டேட்டா கேட்டலாகும் அப்படித்தான்.

> அடைவு என்றால் பள்ளியில் அடைவுத் தேர்வு. எங்கள் ஆசிரியர்கள் குழம்புவார்கள், அண்ணா.

சிரித்துவிட்டேன் தங்கச்சி, ஆனால் மறுக்க முடியவில்லை. லினக்ஸ் தமிழாக்கத்தில் கோப்புகளை வைக்கும் டைரக்டரிக்கும் அடைவு என்று இருக்கிறது. அதனால்தான் தனியாக விடாமல் சொல்லடைவு போலச் சேர்த்தே எழுதச் சொல்கிறேன்.

அப்புறம் அந்த இன்னொரு சமாச்சாரம்.

> எம்சிபி சர்வர் = மாதிரிச் சூழல் நெறிமுறைச் சேவையகம்

இதைத் தெரியாதவரிடம் படித்துக் காட்டினால் எங்கோ மாதிரி வீடு கட்டிச் சுற்றிலும் மரம் நட்டிருக்கிறார்கள் என்பார். எம்சிபியின் விரிவு மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால்; ஏஐ உதவியாளர் வெளிக் கருவிகளோடும் தரவோடும் பேசுவதற்கான பொது நெறிமுறை. அந்தப் பெயரை ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வைத்தது. சொல்லுக்குச் சொல் தமிழாக்காமல் அது செய்யும் வேலையைப் பார்ப்போம்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் 'விற்பனை' என்று தொடங்கும் அட்டவணைகள் நாலைந்து உண்டு. 'போன மாத நிகர விற்பனை எவ்வளவு?' என்று ஏஐ உதவியாளரிடம் கேட்டோம். 'விற்பனை_புதிய' என்பதிலிருந்து கூட்டி ஓர் எண்ணைச் சொன்னது. அந்தப் 'புதிய' அட்டவணையை யாரும் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது! பெயரைப் பார்த்து ஏமாந்தது, பாவம். பிறகு எம்சிபி சர்வர் ஒன்றை நடுவில் வைத்தோம். இப்போது அதே கேள்விக்கு, உதவியாளர் முதலில் அந்தச் சர்வரிடம் 'தேடு' என்ற கருவியை ஜேசன்-ஆர்பிசி என்ற செய்தி வடிவில் கேட்கிறது. சர்வர் போய்த் தரவடைவில் பார்த்து, இது கைவிடப்பட்டது, இது நிதிப் பிரிவு சரிபார்த்தது என்று குறிப்புகளைக் கொண்டுவருகிறது. அதற்குப் பிறகுதான் கணக்கு.

பள்ளியில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதினோமே, காண்டெக்ஸ்ட் என்பது அதுதான். அந்த ஆசையில் சர்வருக்கு 'இடஞ்சுட்டி' என்றே பெயர் வைக்கலாமா என்று இரண்டு நாள் சுற்றிக்கொண்டிருந்தேன். சரிவராது. எம்சிபி வழியாக இடத்தைச் சுட்டுவது மட்டும் நடப்பதில்லை; கோப்பை எழுதலாம், தரவடைவில் இருக்கும் விளக்கத்தையே திருத்தலாம்.

சர்வருக்குச் சேவையகம், வழங்கி இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. இங்கே எனக்கு வழங்கிதான் பிடிக்கிறது. 'தரவடைவு வழங்கி' என்றால் அது கொடுப்பது தரவை அல்ல, அடைவில் இருப்பதை என்று சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது. பொதுவாகக் குறிக்கும்போது 'எம்சிபி வழங்கி' போதும். இணைய நெறிமுறையான எச்டிடிபியை நாம் தமிழாக்கிக்கொண்டா இருக்கிறோம்?

தரவு எங்கிருந்து கிளைத்து எங்கே போனது என்று காட்டும் லீனியேஜுக்குக் 'கொடிவழி' என்று போட்டிருக்கிறேன். குலவரலாற்றுச் சொல்தான், ஆனால் கொடி கிளை பிரிவதும் படர்வதும் அந்தப் படத்தில் அப்படியே தெரியும். யாருக்காவது உறுத்தினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று இரவு விளக்கப் பக்கங்களைத் திருத்த உட்காருகிறேன்.