குளியல் தொட்டியில் வாசிக்கும்போது பக்கங்கள் தாமாகவே புரள்கின்றன: உதவி தேவை

சனிநீராடி:
வணக்கம். குளியல் தொட்டியில் சாய்ந்திருந்து மின்னூல் வாசிப்பது என் வாராந்த வழக்கம். இரண்டு கிழமைகளாக, விரல் படாமலே பக்கங்கள் புரள்கின்றன. எழுத்தின் அளவு மாறுகிறது. நேற்று ஓர் அத்தியாயமே தாவிப் போயிற்று. அணைத்துப் போட்டும் பயனில்லை. நீர் புகாத கருவி என்று சொல்லித்தான் தந்தார்கள். நாவலில் கடைசி நாற்பது பக்கங்கள் எஞ்சியிருக்கின்றன. தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகி:
எந்தக் கருவி, எந்த ஆண்டுக்குரியது? உலர்ந்த நிலையிலும் இப்படி நடக்கிறதா? உறை போட்டிருக்கிறீர்களா? தொட்டி நீரில் சவர்க்காரம் ஏதும் கலக்கிறீர்களா? இவை தெரியாமல் எவரும் உதவ முடியாது.

மின்வினைஞர்:
இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. இன்றைய தொடுதிரைகள் விரலின் மின்னேற்றத்தை உணர்பவை. நீர்த்துளியும் மின்னைக் கடத்துவதால் திரை அதை விரல் என்றே எடுத்துக்கொள்கிறது. 2018இல் வந்த கிண்டில் பேப்பர்வைட் என்ற மின்னூல் கருவி 2 மீற்றர் நன்னீரில் 60 நிமிடம் தாங்கும் தரம் பெற்றது என்றாலும், திரையில் துளி நின்றால் அதிலும் இதே தொல்லைதான். துவாயால் துடைத்துவிட்டு வாசியுங்கள்.

தெஹிவளைத் தம்பி:
அக்கா, அரிசி வாளிக்குள் இரண்டு நாள் புதைத்து வையுங்கள். என் கைத்தொலைபேசி அப்படித்தான் பிழைத்தது.

மூத்த உறுப்பினர்:
கேள்வி கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் எவருக்கும் இல்லை என்பதால் மறுபடியும் சொல்கிறேன். அரிசித் துகள் கருவியைப் பழுதாக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் பாவனையாளர்களை எச்சரித்திருக்கிறது. நீர்காப்புத் தரத்துக்கான சோதனை சாதாரண வெப்பநிலையிலுள்ள நன்னீரில் செய்யப்படுவது. வெந்நீரின் ஆவிக்கும் சவர்க்கார நீருக்கும் அந்தச் சோதனை பொறுப்பேற்காது. சவர்க்காரம் நீரின் பரப்பிழுவிசையைக் குறைப்பதால், நன்னீர் நுழையாத இடுக்கிலும் அது நுழையும். ஏசி அறையில் குளிர்ந்திருந்த கருவியை நேரே ஆவிக்குள் கொண்டுபோனால் கண்ணாடியில் வியர்வை படிவதை இந்தக் கொழும்பில் யாரும் காணலாம். அடிப்படையே தெரியாமல் தொட்டிக்குள் கருவியோடு இறங்குவானேன்? அச்சுப் புத்தகம் இருக்கிறதே.

கொட்டாஞ்சேனை வாசகி:
அச்சுப் புத்தகத்தைத் தொட்டியில் வாசித்தவர்களுக்குத் தெரியும், ஈரமான பெருவிரல் பட்ட மூலை உப்பி, உலர்ந்த பின்னும் அலை அலையாகவே நிற்கும். நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகத்தை அப்படித் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வராது.

மூத்த உறுப்பினர்:
அப்படியானால் குளியலறையில் வாசிக்கத்தான் வேண்டுமா? ஒரு தொட்டி நிரம்ப 150 லீற்றர் வரை வேண்டும். இலபுகம, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் நீரை இப்படிச் செலவிடுவது சரியா என்று யோசியுங்கள்.

மின்வினைஞர்:
பூவாளிக் குழாயின் கீழ் இருபது நிமிடம் நிற்பவர்களும் அதே அளவைச் செலவிடுகிறார்கள், ஐயா. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பத்திரிகையாளர் மரா தோல் நோயின் எரிச்சல் தாங்காமல் தொட்டிக்குள் அமர்ந்து, குறுக்கே பலகை வைத்து எழுதியவர். 1793இல் கொல்லப்பட்டதும் அந்தத் தொட்டியில்தான். உடல் நீரில் மிதக்கும்போது மனம் எழுத்தில் ஒன்றுவது இன்று தோன்றிய ஆடம்பரமன்று. நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு: சார்ஜரில் செருகிய எதையும் தொட்டியருகே வைக்காதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்ற துணிவில் எக்ஸ்டென்ஷன் வயரைக் குளியலறைக்குள் இழுப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சனிநீராடி:
தாமதத்துக்கு மன்னிக்கவும். பெயர் எழுத்துகள் தேய்ந்துவிட்டன. ரொறன்ரோவிலிருக்கும் அண்ணா 2014இல் வாங்கிப் பின்னர் எனக்குத் தந்தது. திரையைச் சுற்றிய சட்டம் சற்று உயர்ந்திருக்கும். அடியில் சார்ஜ் துவாரத்தை மறைக்கும் சிறு இறப்பர் மூடி உண்டு. உறை இல்லை. சார்ஜில் போட்டபடி வாசிப்பதில்லை. கட்டிலில் வாசித்தாலும் இப்போது இதே நிலைதான். சவர்க்காரம் கலப்பதில்லை, சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய் தேய்த்து, அது ஊறும் அரைமணி நேரமும், சீயாக்காய் போட்ட பின் வெந்நீரில் கிடக்கும் ஒரு மணி நேரமும்தான் என் வாசிப்பு. சொல்ல வேண்டிய விடயம் என்று நினைக்கவில்லை.

கொட்டாஞ்சேனை வாசகி:
அக்கா, முதலில் சொல்ல வேண்டிய விடயமே அதுதான். உலர்ந்த பின்னும் தொடர்கிறது என்றால் துளியைக் குற்றம் சொல்ல முடியாது. சட்டம் உயர்ந்திருக்கும் அக்காலக் கருவிகள் பலவற்றில் தொடுகையை உணர்வது அகச்சிவப்பு ஒளி. சட்டத்தின் உள்விளிம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் திரையின் மேலாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். விரல் அவற்றை மறிக்கும் இடத்தையே கருவி தொடுகை என்று அறியும். அந்த விளிம்பில் எண்ணெயில் குழைந்த சீயாக்காய்த் தூள் ஒட்டியிருந்தால், ஒரு விரல் ஓயாமல் அங்கே அழுத்திக்கொண்டிருப்பதற்குச் சமம். கருவியை முழுதாக அணைத்துவிட்டு, பஞ்சுக் குச்சியைச் சற்றே நனைத்து, நான்கு ஓரங்களையும், குறிப்பாக மூலைகளையும், மெதுவாகத் துடையுங்கள். ஊசியால் கிளறக் கூடாது. அடி மூடியையும் பாருங்கள். எண்ணெய் சில வகை இறப்பரை உப்பச் செய்யும், மூடி இறுகப் பொருந்தாவிட்டால் நீர்காப்பும் இல்லை.

மின்வினைஞர்:
அகச்சிவப்பை நான் நினைத்துப் பார்க்கவில்லை. வாசகி சொல்வதே சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: இத்தகைய கருவிகளின் மின்மைத் (e-ink) திரை மின்சாரம் இல்லாமலும் கடைசிப் பக்கத்தைக் காட்டிக்கொண்டே நிற்கும். ஆகவே பக்கம் தெரிகிறதே என்று நம்பாமல், அணைந்துவிட்டதை உறுதி செய்த பிறகே துடையுங்கள்.

மூத்த உறுப்பினர்:
மூடியைப் பற்றி நான் முன்பே வேறோர் இழையில் எழுதியிருக்கிறேன்.

சனிநீராடி:
சரியாகிவிட்டது. இடப்பக்கக் கீழ்மூலையில் பஞ்சு பழுப்பாக வந்தது. மூடி சற்றுத் தளர்ந்திருப்பதால், இனி எண்ணெய் ஊறும் நேரத்தில் கருவியைத் தொடுவதில்லை. தலை முழுகிக் கை கழுவிய பின்னரே எடுப்பேன். நாற்பது பக்கங்களையும் நேற்று வாசித்து முடித்தேன். எழுந்தபோது தண்ணீர் முற்றாக ஆறியிருந்தது. எல்லோருக்கும் நன்றி.