காலிபர்: ஒரு சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பாக்கெட் ரிவால்வர்கள் பற்றித் தமிழில் எழுதும்போது ‘காலிபர்’ (துப்பாக்கியின் அளவைக் குறிக்கும் எண்) வரும் இடமெல்லாம் ‘துளைவிட்டம்’ என்று போட்டுவிடலாம் என்ற பரிந்துரையைப் படித்தேன். நல்ல சொல்தான். ஆனால் எல்லா இடத்திலும் அதையே போட்டால், படிப்பவர் தவறான குண்டைத் தேர்ந்தெடுப்பார். என் கவலை அதுதான்.

கோல்ட் நிறுவனத்தின் 1849 பாக்கெட் ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். அதை 31 காலிபர் என்பார்கள். குழலின் உட்துளை ஏறத்தாழ 0.31 அங்குலம். அப்படியானால் 0.31 அங்குல ஈயக் குண்டுதானே என்று தோன்றும். இல்லை. வழக்கமாகப் போடுவது 0.32-ஐ ஒட்டிய குண்டு, பெரும்பாலும் 0.321. அதே நிறுவனத்தின் 36 காலிபர் ரிவால்வருக்கோ 0.375.

ஏன் இப்படி? இந்தக் குண்டு குழல்வாய் வழியாக உள்ளே போவதில்லை. சுழல் உருளையில் இருக்கும் அறைகளில் முதலில் கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலால் அழுத்துவார்கள். குண்டு அறைவாயைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கவேண்டும். அழுத்தும்போது அறைவாயின் விளிம்பு குண்டின் இடுப்பைச் சீவிவிடும். வெட்டிய நகத்துண்டு போல மெல்லிய ஈய வளையம் ஒன்று வெளியே கழன்று நிற்கும். அந்த வளையம் எங்கும் அறாமல் முழு வட்டமாக வந்தால் குண்டு சரி. வளையமே வரவில்லை என்றால் குண்டு சிறிது. அடுத்த அறை வெடிக்கும் அதிர்ச்சியில் அது முன்னால் நகர்ந்து உருளையைச் சுழலவிடாமல் மாட்டிக்கொள்ளும். அதைவிட மோசம், ஓர் அறையின் தீ இடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்குத் தாவி, அதுவும் சேர்ந்து வெடிப்பது. இதற்குத் ‘தொடர்தீ’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

ஆகவே இங்கே மூன்று அளவுகள் உண்டு: குழலின் அளவு, அறைவாயின் அளவு, குண்டின் அளவு. இவற்றுக்குக் குழலளவு, வாயளவு, குண்டளவு என்று எளிமையாகப் பெயர் வைத்தால் போதும் என்பது என் எண்ணம்.

சரி, அப்புறம் ‘காலிபர்’ என்ன ஆவது? அதற்குப் ‘பெயரளவு’ என்பேன். ‘பெயரளவுக்கு’ என்றால் ஒப்புக்கு என்ற பொருளும் வந்துவிடுமே என்று ஒரு நண்பர் தயங்கினார். அந்தப் பொருள் வந்தால் நல்லது என்றே நினைக்கிறேன். 38 காலிபரைப் பாருங்கள். 36 காலிபர் ரிவால்வர்களை உலோகத் தோட்டாவுக்கு (குண்டும் மருந்தும் ஒரே கூட்டோடு சேர்ந்தது) மாற்றியபோது, குண்டின் விட்டமும் தோட்டாக் கூட்டின் விட்டமும் ஒன்றாக, 0.38-ஐ நெருங்கி இருந்தன. பிறகு குண்டைச் சிறிதாக்கிக் கூட்டுக்குள் இறக்கினார்கள். குண்டு இளைத்தது, பெயர் இளைக்கவில்லை. ஸ்மித் அண்ட் வெஸன் பாக்கெட் ரிவால்வர்களின் 38 தோட்டாவில் குண்டளவு 0.361, பின்னால் வந்த 38 ஸ்பெஷல் என்ற தோட்டாவில் 0.357. இரண்டுக்கும் பெயரளவு ஒன்றே, குண்டு வேறு. இதைத் ‘துளைவிட்டம் 38’ என்று எழுதினால் அது பொய்யான தகவல்.

‘புல்லட்’ என்பதற்குத் ‘தோட்டா’ என்ற சொல் வேண்டாம். குண்டு, மருந்து, மருந்தைப் பற்றவைக்கும் கேப், கூடு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. ஈழத்து நண்பர் ஒருவர் ‘புல்லட்’டுக்குச் சொன்ன ‘ரவை’ அங்கே நல்ல வழக்கு. ஆனால் மற்றவர்களுக்கு அது பொடிக் குண்டுகளை நினைவூட்டும். ‘ஈயக் குண்டு’ எல்லோருக்கும் புரியும்.

இன்னொரு செயலுக்கும் சொல் தேவை. நூறு வருடத்துக்கு மேல் பழசான குழலின் அளவைப் பெயரை வைத்துச் சொல்லமுடியாது. தேய்ந்திருக்கும், துரு அரித்திருக்கும். மருந்தோ தோட்டாவோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எண்ணெய் தடவிய மெத்தென்ற ஈயத் துண்டைக் குழலுக்குள் தட்டி மறுபக்கம் எடுப்பார்கள். குழலின் உட்புறம் சுருளாக வெட்டியிருக்கும் வரிகள் அதில் அப்படியே பதிந்திருக்கும். ஈயத்தில் பள்ளமாக விழுவது குழலின் மேடு. ஈயத்தில் மேடாக நிற்பது குழலின் பள்ளம். இதை ‘ஈய அச்செடுத்தல்’ எனலாம். கோல்ட்டின் அந்தக் காலக் குழல்களில் பொதுவாக 7 பள்ளங்கள். ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் வரும். சாதாரண அளவுகோலால் பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளக்கமுடியாது. ஆகவே ‘குழலளவு’ என்று மட்டும் சொன்னால் போதாது, ‘மேட்டளவு’, ‘பள்ள அளவு’ என்று பிரித்துச் சொல்லவேண்டும். ‘துளைவிட்டம்’ என்ற சொல்லில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

சொற்கள் ஒட்டுகின்றனவா என்று பார்க்க ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: “பெயரளவு 31; மேட்டளவு 0.31 அங்குலம், குண்டளவு 0.321 அங்குலம், வாயளவை அளந்து பார்த்தபிறகே குண்டைத் தேர்க.” ‘வாயளவு’ மட்டும் எனக்கு இன்னும் முழு நிறைவு தரவில்லை, குழல்வாயோடு குழம்பும். ‘அறைவாயளவு’ என்றால் நீளம், ஆனால் தெளிவு. எது வேண்டும் என்று சொல்லுங்கள்.