பொந்தியு பிலாத்துவில் இடறிய ஐயா

மானிப்பாயிலிருந்து:

போன மாதம் கோப்பாயில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். அடக்கம் முடிந்து பந்தலுக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, சுயாதீன சபை ஒன்றை நடத்தும் இளம் பாஸ்ரர் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் ஞாயிறு தவறாமல் எழும்பி நிண்டு சொல்லுற விசுவாசப் பிரமாணம் வேதத்திலை எங்கை கிடக்கு? மனுசர் எழுதினதை ஏற்றால்தான் இரட்சிப்பு எண்டால், சிலுவையிலை தொங்கின கள்ளன்ரை கதி என்ன?"

நியாயமான கேள்வி. நாங்கள் எதை விசுவாசிக்கிறோம் என்று ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் சுருக்கமான அறிக்கைதான் விசுவாசப் பிரமாணம். அந்தக் கள்ளனோ அப்படி ஒன்றும் சொல்லாமலே இயேசுவிடம் பரதீசு வாக்குப் பெற்றவன். செத்தவீட்டில் வைத்து விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே பலர் இதைப் பற்றித் தங்களுக்கு நேர்ந்ததை எழுதுவதால் நானும் எழுதுகிறேன். நான் தென்னிந்திய திருச்சபையில் பிறந்து வளர்ந்தவள். சனிக்கிழமைகளில் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அதாவது விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு, படிப்பிக்கிறேன்.

பாஸ்ரர் சொன்னதில் பாதியை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் சைவத்திலிருந்து வந்த ஒரு ஐயா ஞானஸ்நானம் கேட்டார். எழுபது வயது தாண்டியவர். மகனைப் பறிகொடுத்த பிறகு ஆலயத்தின் கடைசி வாங்கில் வந்து இருக்கத் தொடங்கியவர். எழுத வாசிக்கத் தெரியாது. பிரமாணம் முழுவதையும் மனப்பாடமாக ஒப்புவித்தால்தான் ஞானஸ்நானம் என்று சபை மூப்பர் ஒருவர் பிடிவாதமாக நின்றார். ஐயாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கன்னிமரியாளிடத்தில் பிறந்தது வரை தடங்கல் இல்லாமல் சொல்லுவார். பொந்தியு பிலாத்துவில் வந்து நிற்பார். "பொந்தி... பொந்திலாத்து..." என்று நாக்கு உருளும். தோளிலிருந்த துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு, "திரும்பச் சொல்லு பிள்ளை" என்று முதலிலிருந்து தொடங்குவார். நான்காம் கிழமை அவர் வரவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் வரவேயில்லை. ஆண்டவரைச் சாகக் கொடுத்த தேசாதிபதியின் பெயர் வாயில் நுழையவில்லை என்பதற்காக, ஆண்டவரைத் தேடி வந்த ஒரு கிழவரைப் படலைக்கு வெளியே நிறுத்தியிருந்தோம். நானும் அதற்கு உடந்தை. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது.

புதிதாக வந்த போதகர்தான் வீடு தேடிப் போய் அவரை அழைத்து வந்தார். ஞானஸ்நானத்தன்று மூன்றே கேள்விகள். பிதாவை விசுவாசிக்கிறீர்களா? குமாரனை விசுவாசிக்கிறீர்களா? பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறீர்களா? மூன்றுக்கும் ஐயா ஆலயம் முழுவதும் கேட்க "ஓம், விசுவாசிக்கிறன்" என்றார். மூப்பர் இதைச் சலுகை என்று முணுமுணுத்தார். போதகர் விளக்கினார்: ஆதிச்சபையில் தண்ணீரில் நிற்பவரிடம் இப்படித்தான் கேட்டார்கள், அந்தக் கேள்வி பதில்களிலிருந்து ரோமாபுரிச் சபையின் பழைய பிரமாணம் வளர்ந்தது, அதிலிருந்து நாங்கள் இன்று சொல்லும் அப்போஸ்தலர் பிரமாணம் வந்தது. ஆக, ஐயா சொன்ன "ஓம்"தான் மூத்தது.

சரி, அப்படியானால் பிரமாணம் தேவையில்லையா? இங்கேதான் நான் பாஸ்ரரோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். எங்கள் படலைக்கு யெகோவாவின் சாட்சிகள் இரண்டு பெண்கள் வருவார்கள். மரியாதையாகப் பேசுவார்கள், நானும் இருக்கச் சொல்லித் தண்ணீர் கொடுப்பேன். அவர்களும் வேதத்தை மட்டுமே காட்டுவார்கள். நீதிமொழிகள் 8:22, யோவான் 14:28 என்று எடுத்து வைத்து, குமாரனும் படைக்கப்பட்டவர்தான் என்பார்கள். 4ஆம் நூற்றாண்டில், குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியு என்ற குருவின் பக்கத்தவர்கள் காட்டியதும் இதே வசனங்களைத்தான். அதற்குப் பதில் சொல்ல 325இல் நிசேயா என்ற ஊரில் கூடிய ஆயர்கள் முதலில் வேதத்தின் சொற்களை மட்டும் வைத்துப் பிரமாணத்தை எழுதப் பார்த்தார்கள் என்று, அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்த அத்தனாசியு எழுதியிருக்கிறார். எந்தச் சொல்லை வைத்தாலும் ஆரியுவின் பக்கத்தவர்கள் தலையாட்டினார்கள், உள்ளே வேறு பொருளை வைத்துக்கொண்டு. கடைசியில்தான் குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்ற, வேதத்தில் அப்படியே இல்லாத சொல்லை வைத்தார்கள். வேதம் சொன்னதை இன்னொரு விதமாகத் திருப்ப முடியாதபடி கட்டுவதற்காகவே அது வந்தது. புதிதாக ஒரு நிபந்தனையைக் கூட்டுவது அவர்களுடைய நோக்கம் அல்ல என்றே நான் வாசிக்கிறேன்.

இரட்சிக்கப்பட என்ன செய்ய வேண்டும் என்று பவுலிடமும் சீலாவிடமும் கேட்ட பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் கதையையும் பாஸ்ரர் சொன்னார். "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி" என்றதோடு முடிந்தது என்றார். அப்போஸ்தலர் 16:31. அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டும். அந்த இரவிலேயே அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கர்த்தருடைய வசனத்தைப் போதித்தார்கள். இயேசு யார் என்று ஒருவர் சொல்லாமல் அவன் யாரை விசுவாசிப்பது?

இதெல்லாம் புத்தகம் பார்த்துப் பிறகு அறிந்தது. எனக்கு இது விளங்கியது வேறு இடத்தில்.

1995 ஒக்ரோபர் 30. போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் ஒரே இரவில் எழுந்து நடந்த அந்த நாளைப் பற்றி இங்கே பலருக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு 17 வயது. மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்து, கொடிகாமத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒதுங்கினோம். சைக்கிள் கரியரில் கட்டிவந்த உரப்பைக்குள் அம்மாவின் வேதப்புத்தகம் ஊறிப்போயிருந்தது. அம்மா அதை மேசையில் வைத்து, கொண்டை ஊசியால் தாள் தாளாகப் பிரிக்கப் பார்த்தார். சங்கீதம் முழுவதும் ஒரே கட்டி. முன்பக்கத்தில் அப்பப்பா பேனையால் எழுதி வைத்த ஞானஸ்நானத் திகதிகள் நீலமாகக் கரைந்து தாளெங்கும் பரவியிருந்தன.

நவம்பர் 5 ஞாயிற்றுக்கிழமை. அந்த அறையில் ஐந்து குடும்பம். பாஷையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஆச்சி ஒருவர், ஆராதனையில் பிரமாணம் சொல்லும் வழக்கமில்லாத சகோதர சபையைச் சேர்ந்த ஒரு மாமா, மற்றவர்கள் நாங்கள். வாசிப்பதற்கு ஒன்றும் இல்லை. அம்மா எழும்பி நின்று பிரமாணத்தைத் தொடங்கினார். அம்மா "தேவனை" என்ற இடத்தில் ஆச்சி "சர்வேசுரனை" என்றார். இவர் "விசுவாசிக்கிறேன்", அவர் "விசுவசிக்கிறேன்". இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து வேகத்தைக் குறைத்தார்கள். ஆச்சி பின்தங்கினால் அம்மா நின்றார். அம்மா நின்றால் ஆச்சி நின்றார். 'பாதாளத்தில்' வந்தபோது இரண்டு குரலும் ஒன்றாக இறங்கின. வெளியே மழை.

மாமா கண்ணை மூடி நின்றார். வாய் திறக்கவில்லை. நாங்கள் முடித்த பிறகு பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து தம்மைத் தாழ்த்திய அந்தப் பகுதியை மனதிலிருந்து சொன்னார். பவுலுக்கு முன்பே விசுவாசிகள் பாடிய பாட்டு அது என்று அறிஞர் பலர் கருதுவதை அப்போது நான் அறியேன். பின்னேரம் மாமாவிடம் ஏன் சேர்ந்து சொல்லவில்லை என்று கேட்டேன். "பிள்ளை, நீங்கள் சொன்னதிலை ஒண்டும் வேதத்துக்கு வெளியாலை இல்லை. ஆனால் அதைச் சொன்னால்தான் மோட்சம் எண்டு ஆரும் சொன்னால் நான் எழும்பிப் போவன்" என்றார். ஆச்சியும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகம் சுளிக்கவில்லை.

எங்கள் திருச்சபையின் சட்டமும் மாமா சொன்ன பக்கம்தான் நிற்கிறது. 1816இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனரிகள், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்த வேண்டும் என்னும் கொங்கிரிகேசனல் மரபினர். பழைய பிரமாணங்களை எல்லோர்மேலும் கட்டாயமாகச் சுமத்துகிறவர்கள் அல்ல. அவர்கள் வழிவந்த யாழ்ப்பாணச் சபைகள் 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்திய திருச்சபையில் சேர்ந்தன. அதன் யாழ் ஆதீனத்தின், அதாவது யாழ்ப்பாண மறைமாவட்டத்தின், முதல் பேராயர் சபாபதி குலேந்திரன். இரட்சிப்புக்கு வேண்டியதெல்லாம் பரிசுத்த வேதாகமத்தில் அடங்கியிருக்கிறது என்றும், அப்போஸ்தலர் பிரமாணமும் நிசேயா பிரமாணமும் அந்த விசுவாசத்துக்குச் சாட்சியாகவும் காவலாகவும் நிற்கின்றன என்றும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. மூப்பர் அதை வாசித்திருந்தால் ஐயா மூன்று மாதம் வெளியே நின்றிருக்க மாட்டார்.

பாஷையூரிலிருந்து:

அந்த ஆச்சியைப் பற்றி வாசித்ததும் என் அம்மம்மா நினைவுக்கு வந்தார். அவருக்கும் எழுத்துத் தெரியாது. செபமாலையைத் தொடங்கும்போது சிலுவையைப் பிடித்துச் சொல்லும் விசுவாச மந்திரம், அதாவது அதே அப்போஸ்தலர் பிரமாணம்தான், அவருக்கு முழு வேதாகமமும். "அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனத்தை விசுவசிக்கிறேன்" என்று பிழையில்லாமல் சொல்லுவார். அப்படியென்றால் என்ன என்று சின்ன வயதில் கேட்டேன். "செத்துப்போன எங்கடை ஆக்களும் நாங்களும் ஒரே பந்தியிலை இருக்கிறம் எண்டது தம்பி" என்றார். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கத்தோலிக்கர் எங்களுக்கு வேதமும் திருச்சபையின் மரபும் ஒன்றாகத்தான் வரும், ஆகவே "வேதத்துக்கு வெளியே" என்ற கேள்வி வேறு மாதிரித்தான் எழும். அப்படிப்பட்ட எங்கள் திருச்சபையும், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கும்போதே இறந்துபோகிறவரை அவருடைய ஆசையே இரட்சிப்புக்குள் சேர்க்கும் என்றுதான் போதிக்கிறது. மானிப்பாய் ஐயா அந்த மூன்று மாதத்துக்குள் கண்ணை மூடியிருந்தாலும் நான் அவருக்காகப் பயப்பட்டிருக்க மாட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து:

நான் பதினான்கு வருடம் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் இருந்தவன். அங்கே என் குடிப்பழக்கம் விட்டது, ஆகவே நன்றியோடுதான் எழுதுகிறேன். "எங்களுக்குப் பிரமாணம் கிடையாது, வேதம் மட்டும்" என்று ஒவ்வொரு ஆராதனையிலும் கேட்டிருக்கிறேன். அங்கத்தவர் படிவத்தின் பின்பக்கத்தில் விசுவாச அறிக்கை என்று ஒரு பக்கம் நிறைய இருந்தது. முழுக்கு ஞானஸ்நானம், அந்நிய பாஷை, தசமபாகம், கடைசிக்காலம் எந்த ஒழுங்கில் வரும் என்பது வரை. கையெழுத்து வைத்தேன். அந்நிய பாஷை எனக்குக் கடைசிவரை வரவில்லை. முழங்காலில் இருந்து இரவிரவாக அழுதிருக்கிறேன், எனக்குள் ஆவியானவர் இல்லையோ என்று. நிசேயாவில் கூடியவர்கள் என்னிடம் அதைக் கேட்கவில்லை. அந்தச் சபையில் இருந்து வந்த பிறகு அப்போஸ்தலர் பிரமாணத்தை முதன்முறையாக முழுதாக வாசித்தபோது, இவ்வளவுதானா என்று இருந்தது. இயேசுவைக் கர்த்தர் என்று வாயினால் அறிக்கையிட்டு, தேவன் அவரை உயிரோடு எழுப்பினார் என்று இருதயத்தில் விசுவாசித்தால் இரட்சிப்பு என்னும் ரோமர் 10:9ஐக் கொஞ்சம் விரித்தது போல.

மானிப்பாயிலிருந்து:

திருநெல்வேலித் தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இந்தச் சனிக்கிழமை வகுப்பில் பிரமாணத்தைத் தொடங்குகிறேன். மனப்பாடம் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்கப் போகிறேன், பதிலை அவசரப்படுத்தாமல். போன கிழமையே ஒரு சின்னவள், "ஆண்டவர் ஏன் பாதாளத்துக்குப் போனவர் ரீச்சர், அங்கை ஆர் இருந்தது?" என்று கேட்டுவிட்டாள். கிறிஸ்து காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார் என்று சொல்லும் 1 பேதுரு 3ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.