பைண்டு வால்யூம் அறையைக் குழுப் படிப்பு அறையாக்குவது: எதைக் கழிக்கலாம்?

கேள்வி: அரசுக் கல்லூரி நூலகம். பழைய ஆய்விதழ் பைண்டு வால்யூம்களை (பல இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதிகள்) கழித்துவிட்டு மாணவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். எங்கள் நூலக மென்பொருளான கோஹாவில் இவற்றுக்கு இரவல் பூஜ்யம். மின்னிதழ்களைப் படிக்க மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் இருப்பதால் மொத்தமாகக் கழிக்கலாமா?

பதில் 1: அந்தப் பூஜ்யத்தை நம்பாதீங்க. பைண்டு வால்யூமை யார் வீட்டுக்குக் கொண்டுபோறாங்க? கோஹாவில் ‘ரெக்கார்ட் லோக்கல் யூஸ் ஆன் ரிட்டர்ன்’ அமைப்பை ஆன் பண்ணுங்க. எடுத்ததை மேசையிலேயே வைக்கச் சொல்லி, சாயங்காலம் பார்கோடை செக்-இன்ல ஸ்கேன் பண்ணுங்க. நூலகத்துக்குள்ளேயே படிச்ச உள்பயன்பாடு பதிவாகும். ஒரு செமஸ்டராவது ஓடணும். வாசகரே அலமாரியில திருப்பி வச்சா கணக்கு போச்சு.

பதில் 2: சந்தாவில் சுமார் 13,000 இதழ்கள், 30 பதிப்பகங்கள். ஆனா தலைப்பு இருக்குன்னா 1985 வால்யூமும் திறக்கும்னு அர்த்தமில்ல. ஒவ்வொரு இதழிலும் உங்ககிட்ட இருக்கிற மிகப் பழைய வால்யூமைத் திறந்து பிடிஎஃப் இறங்குதான்னு பாருங்க. தமிழ் ஆய்விதழ்களைக் கழிக்கவே கழிக்காதீங்க. பலது டிஜிட்டலா எங்கேயும் இல்ல.

பதில் 3: கழிச்சதை கோஹாவில் டிலீட் பண்ணாம ‘வித்ட்ரான்’ (விலக்கப்பட்டது) குறியுங்க. அக்சஷன் பதிவேட்டில் (நூல் வரவுப் பதிவேடு) கழிக்க ஒப்புதல் தந்த குழுவின் தீர்மான எண், தேதி எழுதணும். இல்லேன்னா இருப்புச் சரிபார்ப்பில் அது ‘காணவில்லை’ கணக்கில் ஏறும். அப்புறம், குழுப் படிப்பு அறைக்கு சோபா வாங்குறதுக்கு முன்னாடி ப்ளக் பாயிண்ட் போடுங்க.