தோட்ட வாயிலுக்கு மரக்கிராதி: கால்கள் மண்மட்டத்தில் உளுத்துப்போகாமல் அமைப்பது எப்படி?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் தோட்டத்தின் நுழைவிலும், அதை ஒட்டி மாலையில் உட்காரும் கல்பாவிய முற்றத்தைச் சுற்றியும் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு மரக்கிராதி அடைத்தோம். காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரவேண்டும், அதே நேரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சிறிது மறைவும் இருக்கவேண்டும் என்பதற்காகவே சுவர் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். சென்ற மாதம் அடித்த காற்றில் அதன் ஒரு பக்கம் அப்படியே சாய்ந்துவிட்டது. விழுந்த காலைப் புரட்டிப் பார்த்தால், மேலே மரம் கெட்டியாகவே இருக்கிறது. கான்கிரீட்டை ஒட்டிய நான்கு விரற்கடை அளவு மட்டும் பழுப்பேறி, சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, கிள்ளினால் தூளாக உதிர்கிறது. வாயில் கதவும் கொண்டிப் பக்கம் தொங்கிப்போய், திறக்கும்போதெல்லாம் கல்லில் உராய்ந்து பிறைபோல ஒரு கோடு போட்டிருக்கிறது.

மீண்டும் கிராதியே வைக்க விரும்புகிறோம். கால்களை எப்படி நிறுத்துவது, கதவு தொங்காமல் என்ன செய்வது, கொடி ஏற்றினால் மரத்துக்குக் கெடுதலா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1

கால் உளுத்த இடமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கவேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு; மேலே காற்று உண்டு, ஈரம் தங்குவதில்லை; இரண்டும் சேரும் மண்மட்டத்தில்தான் அது குடியேறுகிறது. மரத்திலுள்ள ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கும்வரை பூஞ்சை வளராது. ஆகவே மரம் நனையாமல் பார்ப்பதைவிட, நனைந்த மரம் விரைவாகக் காயும்படி செய்வதுதான் நம் வேலை.

கான்கிரீட் போட்டுவிட்டால் தண்ணீர் அண்டாது என்று பலரும் நம்புகிறார்கள், நடப்பது நேர்மாறு. மரம் காய்ந்து சுருங்கியதும் அதைச் சுற்றி நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு விழுகிறது. மழைநீர் அதில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் கிண்ணத்தில் நிற்பதுபோல் நின்றுவிடுகிறது. இதைத் தவிர்க்க, கான்கிரீட்டில் துத்தநாகம் பூசிய இரும்புக் காலணியை (மரக்காலின் அடியைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புப் பிடியை) பதித்து, அதன்மேல் மரக்காலைத் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கவைத்துத் திருகாணியால் முடுக்குங்கள். மண்ணைத் தொடாத மரத்தில் கறையான் ஏறினாலும் அதன் மண்தடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மரத்தைப் புதைத்தே ஆகவேண்டும் என்றால், காலின் மொத்த நீளத்தில் மூன்றிலொரு பங்கை மண்ணுக்குள் விட்டு, அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சரளை பரப்பி, மேலே கான்கிரீட்டை மண்மட்டத்துக்குச் சற்று உயர்த்தி வெளிப்பக்கம் சரிவாக வழித்துவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தேக்கு என்று சொல்லி விற்பதெல்லாம் ஒன்றல்ல. வைரம் பாய்ந்த பகுதி வெயிலிலும் மழையிலும் பல்லாண்டுகள் நிற்கும். அதே மரத்தின் ஓரத்து வெளிர்ப்பகுதியோ சில பருவங்களிலேயே உளுத்துவிடும். கால்களுக்கு வெளிர்ப்பகுதி கலந்த மரத்தை ஏற்கவே வேண்டாம்.

பதில் 2

மேலே நண்பர் சொன்ன இரும்புக் காலணி எனக்கும் உடன்பாடுதான், ஆனால் வாயிலின் இரண்டு நிலைக்கால்களுக்கு மட்டும் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். கதவின் பாரம் நாள்தோறும் பக்கவாட்டில் இழுக்கும்போது குட்டையான காலணி மெல்ல அசைந்து கொடுத்துவிடுகிறது. அந்த இரண்டையும் மற்றவற்றைவிடத் தடித்த வைர மரத்தில், ஆழமாகப் புதைப்பதே பாதுகாப்பு.

கதவு தொங்கியதற்குச் சாய்வுக் கட்டையைத் தவறான பக்கம் அடித்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். நான் முதன்முதலில் செய்த கதவிலும் இதே பிழை இருந்தது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அது தரையைத் தொட்டுவிட்டது. கட்டை கீழ்க்கீல் பக்கத்து மூலையில் தொடங்கி, கொண்டி இருக்கும் பக்கத்தின் மேல் மூலைக்கு ஏறவேண்டும். அப்போதுதான் கதவின் பாரம் கட்டையை நெருக்கிக்கொண்டு நேரே கீழ்க்கீலில் வந்து இறங்கும். மரம் நெருக்குதலை நன்றாகத் தாங்கும். இழுப்பு வந்தாலோ முனைகளில் உள்ள ஆணிகள் பிடுங்கிக்கொள்ளும். கட்டைக்குப் பதிலாக முறுக்குக் கம்பி கட்டுவதானால் திசை மாறும்: மேல்க்கீல் மூலையிலிருந்து கொண்டிப் பக்கத்தின் கீழ் மூலைக்கு இழுக்கவேண்டும்.

கிராதியின் இடைவெளியைப் பற்றியும் ஒரு சொல். பரப்பில் ஏறத்தாழ பாதி திறந்திருக்கும் தடுப்பு காற்றை வடிகட்டி மெதுவாக்குகிறது. முழுதும் அடைத்த தடுப்போ காற்றை மேலே தூக்கி, உட்கார்ந்திருப்பவர் தலைமேல் சுழற்றிவிடும். சட்டங்களை ஒரே திசையில் அடித்து, சட்டத்தின் அகலமும் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அந்தப் பாதி தானாக அமைந்துவிடும், பார்வைக்கும் அதுவே அழகு. சிறு குழந்தைகள் நடமாடும் இடமென்றால் இடைவெளி பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். ஏறுவதற்குப் படிபோல் உதவும் கிடைச்சட்டங்களைக் குறையுங்கள்.

பதில் 3

கொடி ஏற்றலாம், ஆனால் எந்தக் கொடி என்பதைப் பொறுத்தது. சங்குப்பூ, மல்லிகை போன்றவற்றைக் கிராதி எளிதாகத் தாங்கும். காகிதப்பூவின் தண்டு சட்டங்களுக்கு இடையே நுழைந்து, பருத்து, ஆணியோடு சட்டத்தைப் பெயர்த்துவிடும். அதற்குத் தனியாக ஒரு பந்தல் போடுங்கள். எந்தக் கொடியானாலும் இலை மூடிய மரம் மழைக்குப் பிறகு நெடுநேரம் ஈரமாகவே இருக்கும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது கவாத்து செய்து வெயில் படவிடவேண்டும்.

சட்டங்கள் குறுக்கே படியும் இடங்களிலும் அறுத்த முனைகளிலும்தான் தண்ணீர் அதிகமாக உறிஞ்சப்படும். ஆகவே கிராதியைப் பூட்டிய பிறகு மேலோட்டமாகப் பூசாமல், பூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு சட்டத்தின் முனையையும் மரப்பாதுகாப்பு மருந்தில் முக்கி எடுங்கள். கால்களின் உச்சியைச் சரிவாகச் சீவுங்கள். வார்னிஷ் வெயிலில் வெடித்து உரியும், பிறகு முழுவதையும் சுரண்டியாகவேண்டும்; ஆளிவிதை எண்ணெய் பூசினால் ஆண்டுதோறும் அதன்மேலேயே இன்னொரு பூச்சு போதும். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது, வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கதவைப் போய்ப் பார்த்தேன். சாய்வுக் கட்டை நீங்கள் சொன்னதற்கு நேர் எதிராகத்தான் இருக்கிறது. இன்னும் நிமிர்ந்து நிற்கும் ஏழு கால்களையும் எடுத்துவிடத்தான் வேண்டுமா?

பதில் 1

எடுப்பதற்கு முன் சோதித்துப் பாருங்கள். ஒவ்வொரு காலையும் சுற்றி ஒரு கையளவு மண்ணைத் தோண்டிவிட்டு, கூரான திருப்புளியை மண்மட்டத்தில் நான்கு பக்கமும் அழுத்துங்கள். நுனி மட்டும் பதிந்து நின்றால் கால் நலமாக இருக்கிறது. எதிர்ப்பில்லாமல் விரற்கடை ஆழம் இறங்கினால் அந்தக் காலின் ஆயுள் முடிந்தது. நலமாக உள்ளவற்றில் இடுக்கைச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு, மருந்து ஊற்றி, மேலே தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாக அடைத்துவிடுங்கள். பாதி கெட்டவற்றை உளுத்த பகுதிக்கு மேலே அறுத்துவிட்டு, மிஞ்சிய நல்ல மரத்தையே இரும்புக் காலணியில் நிறுத்தலாம். குறையும் உயரத்தைக் காலணியின் அடித்தளத்தை உயர்த்திச் சரிக்கட்டிக்கொள்ளுங்கள்.